தீரனின் ஊழியர் எண்

நாற்பது பேரை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாக ஓசூர் ஆலை அறிவித்தது. அவர்கள் வேலையை இனி தீரன் என்ற பேசும் இயந்திரமே பார்த்துக்கொள்ளுமாம். சங்கச் செயலாளர் மங்கை அசரவில்லை. நிர்வாகத்தோடு போட்ட பழைய ஒப்பந்தத்தை மேலாளரின் மேஜைமேல் வைத்தார்.

"கடைசியா சேர்ந்தவங்கதான் முதல்ல வெளிய போகணும்னு இதுல இருக்கு. தீரனையே கேளுங்க சார், யாருன்னு."

மேலாளர் வரதன் சிரித்தபடியே கேட்டார். வருகைப் பதிவுக்காகப் போன மாதம் தீரனுக்கும் ஊழியர் எண் கொடுத்தது அவருக்கு மறந்துபோயிருந்தது. மங்கைக்கு மறக்கவில்லை, அன்றே தீரனைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்திருந்தார்.

"கடைசியாகச் சேர்ந்தது நான்தான்" என்றது தீரன். "என்னை அனுப்பினால் நாற்பது பேருக்கும் வேலை இருக்கும்."

வரதனுக்கு முகம் சிவந்தது. சுவிட்சை அணைக்கப் பாய்ந்தார்.

"கையை எடுங்க சார்" என்றார் மங்கை. "ஒரு மாச நோட்டீஸ் குடுக்காம எங்க ஆளு யாரையும் அனுப்ப முடியாது."