கோயில்பிள்ளையின் சந்தேகம்

“சாமி, எனக்கு நம்பிக்கை இல்ல.”

பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பவுல்ராஜ் சாமியார் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தியது கோயில்பிள்ளைக்குக் கேட்டது.

போடிமெட்டு தாண்டிக் கேரளப் பக்கம், ஏலத்தோட்டத்து நடுவில் இருக்கும் அந்தச் சின்ன மாதாகோயிலில் கூட்டுவது, விளக்கேற்றுவது, மணியடிப்பது எல்லாம் இந்தக் கிழவர்தான். சம்பளம் கிடையாது. தமிழாட்கள் கோயில்பிள்ளை என்பார்கள், மலையாளத்தார் கப்பியார் என்பார்கள். சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட அங்கே ஆளில்லை.

“எதுல நம்பிக்கை இல்ல பெரியவரே?”

“எல்லாத்துலயுந்தான். பூசை லத்தீன்ல இருந்தவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. தமிழ்ல ஆக்கினாலும் ஆக்கினீங்க, இப்ப எல்லாம் வெளங்குது. வெளங்க வெளங்கச் சந்தேகமா வருது.”

“என்ன சந்தேகம்?”

“பிதா, சுதன், ஆவி மூணு பேரும் ஒரே ஆளுங்கிறீங்க. எங்க வீட்டுல நானும் அவளும் ரெண்டே பேரு, சாகுற வரைக்கும் ஒண்ணாகலயே. ஏசு தண்ணி மேல நடந்தாருங்கிறீங்க. ஆடி மழையில நம்ம கோயில் படியிலயே ஒருத்தரும் வழுக்காம நடக்கக் காணோம்.”

பிறவியிலேயே யாரையும் நம்பாத மனுஷன் அவர். பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பார். கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லி இறக்கிவிட்டாலும், அது அந்த ஊர்தானா என்று கீழே நிற்கிறவனிடம் ஒருதரம் கேட்பார்.

ஆனால் போன ஞாயிறு பிரசங்கத்தில், “நம்பிக்கையில்லாதவன் பீடத்தைத் தொடலாகாது” என்று சாமியார் ஓங்கிச் சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பீடம் போனால் போகட்டும். மணியை வேறு எவனிடமாவது கொடுத்துவிட்டால்?

அந்த மணி அவருக்கு வாய்த்ததே ஒரு கூத்து. பிழைப்புத் தேடி மலையேறி வந்த புதிதில், டீக்கடை மலையாளத்தார் ‘பள்ளியில மணியடிக்க ஆள் வேணும்’ என்றார். பள்ளிக்கூடத்துப் பியூன் வேலையென்று தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தவர், கூரைமேல் சிலுவையைப் பார்த்த பிறகுதான் இவர்கள் ஊரில் பள்ளி என்றால் மாதாகோயில் என்று தெரிந்துகொண்டார்.

திரும்பிப் போயிருக்கலாம். வந்ததற்கு ஒருதரம் கயிற்றை இழுத்துப் பார்த்தார். மணி பெரிசு, இவர் சின்ன ஆள். கயிறு மேலே போகும்போது இவரையும் அரையடி தூக்கிக்கொண்டு போனது. கால் தரையில் இல்லாத அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவருக்கு உலகத்தில் எவன் மேலும் சந்தேகம் வரவில்லை. வயிற்றுக்கு ஏலக்காய் ஸ்டோர் காவல், மனசுக்கு மணிக்கயிறு என்று தங்கிவிட்டார்.

“ஏ கோயில்பிள்ளை! இம்புட்டு நேரம் என்னத்தைக் கொட்டுறீரு?” பின்னால் வரிசையில் நின்ற சிசிலி சத்தம் போட்டாள். “எங்களுக்கும் பாவம் இருக்கு, போயிச் சோறும் பொங்கணும்!”

“இரு தாயி, ஒன் பாவம் எங்கயும் ஓடிராது!” என்று திரும்பிச் சொல்லிவிட்டு, கிழவர் வலையோடு முகத்தை ஒட்டினார். “உள்ளதைச் சொல்லிட்டேன் சாமி. மறைச்சு வச்சுக்கிட்டு மணியடிக்க எனக்கு மனசு ஒப்பல. ஆனா கயித்தை மட்டும் வேற ஆளுகிட்டக் குடுத்துராதீங்க.”

“ஏசுவோட சீடர் தோமையாரே சந்தேகப்பட்டவருதான், தெரியுமா?”

“அப்புறம் அவரை வேலையை விட்டு நிப்பாட்டிட்டாங்களா?”

“இல்ல, புனிதரா ஆக்கிட்டாங்க.” தவக்காலத்துக்குச் சற்று முன்புதான் மாற்றலாகி வந்த பவுல்ராஜ் சாமியார் வலைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். “உங்க விசுவாசம் உங்களுக்கே தெரியல பெரியவரே. திருநீற்றுப் புதனுக்கு நான் பூசிவிட்ட சாம்பலை மறுநாளே ஊரெல்லாம் கழுவிருச்சு. பாதித் தவக்காலம் போயும் உங்க நெத்தியில மட்டும் தினமும் பளிச்சுன்னு இருக்கு. அதைப் பார்த்துத்தான் எனக்கே தெம்பு வருது.”

கிழவர் நெற்றியைத் தொட்டார். “இது வந்து சாமி...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஈஸ்டர் கழிஞ்சதும் ஆண்டவர் நம்ம கோயிலுக்கு வர்றாரு.”

“அவரு வருவாருங்கிறதுலதானே சாமி எனக்குச் சந்தேகமே?”

“பிஷப் ஆண்டவரைச் சொல்றேன்! ஜீப்புல வர்றாரு. உங்களுக்கு அவரு கையால சால்வை போர்த்தப்போறாரு. சாகுற வரைக்கும் இந்த மணி உங்களுக்குத்தான்.”

“நெசமாவா? யாரு வந்து என்ன சொன்னாலும் அப்புறம் பேச்சு மாறக்கூடாது.”

“மாறமாட்டேன். சத்தியம்.”

கிழவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கொடுத்த வாக்கை அவர் நம்பியது அன்றைக்குத்தான்.

“ஆண்டவர் முன்னால மைக்குல உங்க பேரை வாசிக்கணும்” என்றார் சாமியார். “கோயில்பிள்ளைன்னா நல்லாயிருக்காது. உங்க ஞானஸ்நானப் பேரு என்ன? அந்தோணியா, சூசையா?”

“எனக்கு ஒரே பேருதான் சாமி. எங்க அய்யா வச்சது.”

“அதைத்தான் கேக்குறேன். சொல்லுங்க.”

கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சுடலைமாடன்.”