தொண்ணூற்றாறு ஆவர்த்தனம்

இறந்துபோன கணவர் தட்சுவோ காகிதத்தில் எழுதி முடிக்காமல் விட்ட பாட்டை, ஹருயோ சுரத்துக்கு உயரம், நீளம், அழுத்தம் என மூன்று எண்ணாகக் கணினியில் தட்டி ஏற்றினாள். ஹமமட்சு கணினி இசைச் சங்கத்தின் ஞாயிறு மதியக் கூட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

“பியானோவையே தொடாத அண்ணியா?” என்று சிரித்தார் சங்கத் தலைவர் மகாபே.

“தொண்ணூத்தாறு ஆவர்த்தனம்தான் இருக்கு. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க, தம்பி.”

திரையில் தொண்ணூற்றாறு முடிந்து தொண்ணூற்றேழு வந்தது. பாட்டு நிற்கவில்லை. நூற்றிருபத்தெட்டில் அது கம்பீரமாக முடிந்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது.

“அண்ணி, முடிச்சே காட்டிட்டீங்களே!”

ஹருயோ நிமிர்ந்து நின்று, பிறகு வணங்கினாள். அவள் தட்டாத அந்த முப்பத்திரண்டிலும் இடக்கைச் சுரம் ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் மெலிந்தே ஒலித்தது. தட்சுவோவுக்கு இடது மோதிரவிரல் பாதிதான்.