பிளாஸ்டிக்கே போதும்

"மாமாவுக்கு பிளாஸ்டிக் யோயோவே போதும். மெட்டல் எல்லாம் அவர் கை தாங்காது" என்றாள் பிரதீபா, கடையே கேட்கும்படி.

சண்முகசுந்தரத்துக்கு முகம் சுண்டிப்போனது. வாதம் வந்து வலது கை துவண்டதிலிருந்து மருமகள் இப்படித்தான். நாலு பேர் எதிரில், இது ஆகாது, அது முடியாது.

டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அவர் கொல்லையில் விட்டெறிந்துவிட்டார். விரலுக்கு வேலை வேண்டுமென்று இப்போது யோயோ.

கடைக்கார சஃபியுல்லா மெட்டல் யோயோவை நீட்டினார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. "கையில எடுத்துத்தான் பாக்கட்டுமேம்மா."

"வேணாம் பாய். கால்ல போட்டுக்குவார்."

வீட்டுக்கு வந்ததும் குரும்பகரத்திலிருக்கும் தங்கை கமலாம்பாளுக்குப் போன் போட்டார்.

"சம்பாதிச்சுப் போட்ட கைக்கு பிளாஸ்டிக்கா? இதை மறந்துடாதேண்ணே!"

"எதைத்தான் மறந்தேன்? கல்யாணத்தன்னிக்கு அவ அப்பன் என்னை ரெண்டாவது பந்தியில உக்கார வச்சதையே இன்னும் மறக்கலை."

பிளாஸ்டிக்கை அவர் தொடவே இல்லை.

சில நாள் கழித்து, பிரதீபா இல்லாத நேரமாக சஃபியுல்லா வந்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மெட்டல்!

"மருமவளுக்குத் தெரிய வேணாம்ணே."

"அவ தலைகீழா நின்னாலும் தெரியாது பாய்."

அவள் ஆபீஸ் கிளம்பியதும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். முதலில் விரல் பிடிக்கவில்லை. யோயோ நழுவி தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுத்தார். "பிளாஸ்டிக் போதுமாம்ல!" என்று மறுபடி வீசினார். விழ விழ கோபம் ஏறியது. கோபம் ஏற ஏற வீச்சும் கூடியது.

மாங்கனித் திருவிழா வந்தது. சாமி ஊர்வலம் வரும்போது நேர்ந்துகொண்டவர்கள் மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். போன வருஷம் அவர் நேர்ந்துகொண்ட மாம்பழத்தைக் கமலாம்பாள்தான் இறைத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெறுமனே பார்த்தார்.

எல்லோரும் மொட்டைமாடியில் நிற்க, பிச்சாண்டவர் சப்பரம் அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. ஊரிலிருந்து வந்திருந்த கமலாம்பாள் மாம்பழக் கூடைக்குக் கையை நீட்டினாள்.

"தொடாதே. என் கையாலதான்."

வலது கை மாம்பழத்தைப் பற்றியது. ஓங்கி வீசினார். கூட்டத்துக்கு மேலே பறந்துபோய் எதிர்ச்சாரியில் ஒரு அம்மாளின் முந்தானையில் விழுந்தது. கீழே ஒரே ஆரவாரம். அடுத்தது, அதற்கடுத்தது என்று கூடையே காலி.

இடுப்பில் செருகியிருந்த யோயோவை எடுத்து பக்கத்தில் நின்ற மருமகள் முகத்துக்கு நேரே சுழற்றினார். "பாத்தியா, மெட்டல்! உனக்குத் தெரியாம சுத்தித்தான் கையைத் தேத்தினேன். தாங்காதுன்னியே, இப்ப என்ன சொல்றே?"

பிரதீபா தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள்.

"மூஞ்சி போன போக்கைப் பாத்தியாண்ணே!" என்று கமலாம்பாள் கை தட்டினாள்.

திருவிழா பார்க்க அவர்கள் மாடிக்கு வந்திருந்த சஃபியுல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "போதும்ணே. அன்னிக்கே ரெண்டையும் வாங்கினது அந்தப் புள்ளதான். 'நான் குடுத்தா பந்து மாதிரி விட்டெறிஞ்சிடுவார் பாய். எனக்குத் தெரியாத மாதிரி நீங்க குடுங்க, வீம்புக்காவது சுத்துவார்'னு மெட்டலை எங்கிட்ட வச்சிட்டுப் போச்சு."

சுழன்ற யோயோ அவர் உள்ளங்கையில் வந்து நின்றது.

கீழேயிருந்து பிரதீபாவின் குரல், தெருவே கேட்கும்படி வந்தது: "மாமா, கோயிலுக்குக் கிளம்பணும்! சட்டைப் பட்டன் எல்லாம் உங்களால போட முடியாது. இருங்க, வரேன்!"

சண்முகசுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழைய கோபத்தைப் பாடுபட்டு முகத்தில் வரவழைத்துக்கொண்டு கத்தினார்.

"யாரால முடியாது?"