மூடாத கண்

உங்களால் ஒரு கண்ணை மட்டும் மூட முடியுமா? மூடிப் பாருங்கள். பக்கத்தில் யாருமில்லையே என்று பார்த்துக்கொண்டு மூடுங்கள். நமுனுகுலவிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் அன்று காலை அதுதான் பிரச்சினை.

“டேய், யாரப் பாத்துக் கண்ணடிக்கிற?”

விசாலாட்சி போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் மதுரன் இரண்டடி பின்னால் போனான்.

“ஐயோ, நான் அடிக்கலம்மா!”

“எங்கண்ணன் மகளப் பாத்து அடிச்ச. புதுக் கண்ணாடி போட்டிருக்கேன்டா, எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. பசறை வரட்டும், பொலிஸ்ல சொல்றேன்!”

அண்ணன் மகள் துஷாந்தி ஜன்னலோரம் தலையைக் குனிந்திருந்தாள். பதுளையில் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறவள்.

“இதுக்குத்தான் முன்னாடி வந்த பஸ்ல போவோம்னேன். சீட்டெல்லாம் காலியாக் கெடந்துச்சு. கேட்டியா நீ?”

“அது ரொம்பக் குலுக்கும் அத்த.”

மதுரனுக்கு வியர்த்துவிட்டது. “பொலிசுன்னா என் வேல போயிரும்மா. இது நோய். காதுக்குக் கீழ ஒரு நரம்பு வருதாம். அது முகத்துல அஞ்சு கிளையாப் பிரியுதாம். எனக்கு இடது பக்கத்து நரம்பு செத்துப்போச்சு. ரெண்டு கண்ணையும் சிமிட்டுனாலும் வலது மட்டுந்தான் மூடுது. இடது தெறந்தே நிக்குது. கண்ணடிக்கிறேன்னு நெனச்சு அறைஞ்சிர்றாங்கம்மா!”

பின் சீட்டிலிருந்த துணிக்கடை இப்றாஹீம் சிரித்தார். “கண்ணடிக்கவும் டாக்டர்கிட்ட துண்டுச் சீட்டு வாங்கி வச்சிருக்கியா தம்பி?”

விசாலாட்சி விடுவதாயில்லை. “துஷாந்தி, நீ இதெல்லாம் படிக்கிறவதானே? பொய்யா நெசமான்னு பாத்துச் சொல்லு.”

துஷாந்தி எழுந்தாள்.

“நெத்தியச் சுருக்குங்க.”

வலது புருவம் மட்டும் மேலே ஏறியது.

“பல்லக் காட்டுங்க.”

வாய் வலது காதை நோக்கி ஓடியது.

“கன்னத்த ஊதுங்க.”

ஊதினான். இடது உதட்டோரம் காற்று புஸ்ஸென்று போனது.

அதற்குள் பஸ்ஸே நெற்றியைச் சுருக்கிக் கன்னத்தை ஊதிக்கொண்டிருந்தது. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி, “நாளைக்குப் பெரட்டுல கங்காணி பேர் கூப்பிடுறப்ப இப்பிடித்தான் நிக்கப்போறேன்!” என்று பல்லைக் காட்டினாள். டிரைவரும் கண்ணாடியைப் பார்த்து ஊதியதில், வளைவில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

துஷாந்தி மட்டும் சிரிக்கவில்லை. “நோய்தான் அத்த. பாவம்.”

விசாலாட்சிக்கு மனம் இளகிவிட்டது. தன் கழுத்து மப்ளரை அவிழ்த்து அவன் காதுகளைச் சுற்றிக் கட்டினாள். “காத்துப் படாம இரு சாமி.” இப்றாஹீம் ஒரு டொபி நீட்டினார். “இடது பக்கமா மெல்லு.”

பதுளை வந்தது. அத்தை முதலில் இறங்கினாள். பின்னால் வந்த துஷாந்தியைப் பார்த்து மதுரன் நன்றியோடு கண் சிமிட்டினான்.

அவள் படியிலேயே நின்று குரலைத் தாழ்த்தினாள். “இடது நரம்பு செத்திருந்தா இடது கண்ணு மூடாது. இப்ப இடதத்தான் மூடுனீங்க. எந்தப் பக்கம்னு வீட்ல போய் முடிவு பண்ணிட்டு வாங்க.”

மப்ளருக்குள் அவன் முகம் இரண்டு பக்கமும் சமமாகச் சிவந்தது.

மறுநாள் காலை துஷாந்தி தனியாக வந்தாள். முன்னால் வந்த பஸ்ஸை அன்றும் விட்டுவிட்டாள். மதுரன் டிக்கெட் நீட்டியபோது, அவளுக்கும் வலது கண் மட்டும்தான் மூடியது.