வாசித்துக் காட்டிய வரி

ஜன்னல் கம்பியில் சாரல் முத்து முத்தாகத் தொங்குகிறது. குற்றாலத்துக் காவல் நிலையத்தில் ரைட்டர் தாணுமாலயன் புகார் எழுதிக்கொண்டிருக்கிறார். எதிரே, பெஞ்சு நுனியில், நனைந்த வேட்டியோடு ஆலங்குளத்து இசக்கிமணி. காலையில் அவர் மகன் அபி அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனான். அவன் தலை துவட்டிய சிவப்புத் துண்டு அவர் மடியில் இன்னும் ஈரமாகக் கிடக்கிறது. இசக்கிமணிக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதுகிறார். வருடக்கணக்காக ஒரே வாசகங்களை எழுதி மரத்துப்போன கைக்கு இன்று எங்கிருந்தோ ஒரு வரி வந்து வாய்க்கிறது. எழுதி முடித்ததும், முறைப்படி, வாசித்துக் காட்டுகிறார். அந்த வரி வந்ததும் குரல் தானாக நிதானப்படுகிறது. 'தண்ணீர்ச் சத்தத்தில் அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. கை மட்டும் அசைந்தது, நானும் சிரித்துக்கொண்டே கையசைத்தேன்.'

மைப்பெட்டிக்கு நீட்டிய பெருவிரலை இசக்கிமணி மடக்கிக்கொள்கிறார். "அந்த வரிய எடுத்திருங்க சார்."

"நீங்க சொன்னதத்தான அண்ணாச்சி எழுதியிருக்கேன். தப்பா இருக்கா?"

"தப்பில்ல. நல்லா இருக்கு." துண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். "நல்லா இருக்கக் கூடாதுல்லா."

தாணுமாலயன் புதுத் தாள் எடுக்கிறார். 'பாறையில் கால் வழுக்கி விழுந்து' என்று எழுதுகிறார். அந்த 'ழு'வின் வால் அழகாகச் சுழிந்து இறங்குவதை அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.