மூக்குச் சொற்கள்

“ஸ்னோர்?” என்று கேட்டாள் மியோங்ஜு அக்கா.

“குறட்டை விடறது,” என்றேன்.

“ஸ்னீஸ்?”

“தும்மறது.”

“ஸ்னவுட்?”

“பன்னி மூக்கு.”

“கண்ணாடியப் பாத்தா ஞாபகம் வந்துடுமே உனக்கு,” என்றாள் தாசொம். மூவரும் சிரித்தோம்.

நோர்யாங்ஜின் ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த காபிக் கடை. மூன்று வருடங்களாகக் காலை ஏழு மணிக்கு இதே ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் ஆங்கிலச் சொல் கேட்டுக்கொள்கிறோம். அரசு வேலைத் தேர்வில் எங்களைப் போன்றவர்களைக் கவிழ்ப்பது அந்த ஒரு தாள்தான்.

இன்று அக்காவின் காலடியில் ஒரு பெட்டி இருந்தது.

தேர்வை ஏழு முறை எழுதித் தோற்றுவிட்டாள். வயது முப்பத்தெட்டு. வாண்டோ தீவில் அண்ணனுடைய சிப்பிப் பண்ணைக்குப் போகிறாள். இனி வர மாட்டாள்.

“மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்கடி. எப்பவும் போல கேள்வி கேட்டுட்டுக் கிளம்பறேன்,” என்று அவளேதான் நோட்டைத் திறந்தாள்.

அந்த நோட்டில் சொற்கள் அகரவரிசையில் இருக்காது. ஒரே எழுத்துகளில் தொடங்குபவை ஒரே பக்கத்தில் கூடியிருக்கும். எதிரே நுணுக்கி எழுதிய பொருள். ‘ஜி’யும் ‘எல்’லும் சேர்ந்து தொடங்கினால் பெரும்பாலும் வெளிச்சம். ‘எஸ்’, ‘என்’ என்று தொடங்கினால் பெரும்பாலும் மூக்கு. ஏழு வருடங்களில் அவளாகவே பிரித்துச் சேர்த்தது.

“ஸ்னிவல்?”

மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுவது. எனக்குத் தெரியும்.

“தெரியலக்கா,” என்றேன்.

“அட மண்டு! எத்தன தடவ சொல்லியிருக்கேன்?”

நோட்டைக் கவிழ்த்து வைத்தாள். முகத்தைக் கோணிக்கொண்டு, கேட்ட பொம்மை கிடைக்காத குழந்தையைப் போலச் சிணுங்கினாள். மூக்கை உறிஞ்சினாள். சட்டைக் கையால் துடைத்தாள். தாசொம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அக்கா மறுபடி உறிஞ்சினாள்.

பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

தோள்கள் குலுங்கின. தாசொமின் சிரிப்பு நின்றது. பக்கத்து மேஜைக்காரர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சட்டென்று குனிந்துகொண்டார்.

காகிதக் கைக்குட்டை என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து நீட்ட எனக்குக் கை எழவில்லை. தாசொம்தான் எட்டி எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தியா? இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்ட,” என்று சொல்லி, நோட்டை என் பக்கம் தள்ளினாள். “நீயே வச்சுக்க, சேஹ்வா. தாசொமுக்கு இங்கிலீஷ் எப்படியாவது வந்துடும். நீதான் நாளுக்கு நாள் மறந்துக்கிட்டே வர்ற. அடுத்த வருஷம் லிஸ்ட்ல உன் நம்பர் இருக்கணும். எனக்கும் சேத்துப் பாஸ் பண்ணு.”

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். என் தலை தாழ்ந்தது. மரியாதைக்குக் குனிகிறேன் என்று நினைத்திருப்பாள்.

பெட்டியை நானும் தாசொமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிலையம்வரை கொண்டுபோனோம். பயணச்சீட்டுத் தடுப்பைத் தாண்டிய பிறகு அக்கா திரும்பினாள்.

“பல்லு புடுங்கின எடம் ஆறிடுச்சாடி?”

“ஆறிடுச்சுக்கா,” என்றேன்.

படி இறங்கி மறைந்தாள்.

தாசொம் என்னிடமிருந்த நோட்டைப் பார்த்தாள். பிறகு, “அந்த நோட்ட எனக்கும் ஒரு நாள் குடு, நகல் எடுத்துட்டுத் தர்றேன்,” என்றாள்.

“நீயே வச்சுக்க.”

“அப்ப நீ எதப் படிப்ப?”

ஜூலையில் எழுத்துத் தேர்வு முடிவு வந்த காலை, காபிக் கடையில் அக்கா முதலில் கைப்பேசியைப் பார்த்து “இல்ல” என்றாள். தாசொம், “எனக்கும் இல்ல” என்றாள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “எனக்கும்” என்று என் வாய் சொல்லிவிட்டது. என் எண் பட்டியலின் நடுவில் இருந்தது.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் அக்கா எங்கள் இருவருக்கும் புதுப் பேனா வாங்கி வந்திருந்தாள். அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. அதன் பிறகு, தெரிந்த சொற்களைத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு நாள், பல் பிடுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அன்று சாயங்காலம் அக்கா நான்கு மாடி ஏறி என் அறைக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். நேர்முகத்துக்குப் போட்டிருந்த கறுப்புக் கோட்டைப் போர்வைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பக்கக் கன்னத்திலேயே மென்று முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டேன்.

வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வட்டார அலுவலகத்தில் நான் வேலையில் சேர வேண்டும்.

“நான் படிக்க வேண்டியதில்லடி,” என்றேன். ஜூலையிலிருந்து நடந்ததை எல்லாம், தரையைப் பார்த்தபடி, அங்கேயே சொல்லி முடித்தேன்.

நிமிர்ந்தபோது தாசொம் என்னைப் பார்க்கவில்லை. அக்கா இறங்கிப் போன படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.