கூர்டினின் அப்பா எவ்வளவு உயரம்?

“அந்தப் பதினேழாம் நம்பர் பையனோட அப்பா நீங்கதானே?”

கண்ணாடித் தடுப்பை ஒட்டித் தனியாக நின்றிருந்த யாஹன் திரும்பிப் பார்த்தார்.

கேட்டவர் போசிகர். நகரத்துப் பெரிய ஐஸ் ஹாக்கி கிளப்புக்காக ஊர் ஊராகப் போய்ப் பையன்களைத் தேர்ந்தெடுக்கிறவர். அவர் வந்திருப்பது காலையிலேயே எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துவிட்டது.

யாஹன் கையிலிருந்த உபரி மட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“நானா? நான் வண்டி ஓட்டறவன்ங்க. மேட்ச் இருந்தா கூட்டிட்டு வருவேன், முடிஞ்சா கூட்டிட்டுப் போவேன்.”

“நல்லவேளை!” போசிகர் வாய்விட்டுச் சிரித்தார். “கோவிச்சுக்காதீங்க. உங்களைப் பார்த்ததும் பயந்துட்டேன்.”

யாஹன் போசிகரின் தோளுக்குக்கூட எட்டவில்லை. அவரும் சிரித்துவைத்தார்.

பனித்தரையில் பதினேழாம் நம்பர் சட்டை போட்ட கூர்டின் இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாமவன் கால்களுக்கு நடுவே ரப்பர் வட்டைத் தள்ளி, அந்தப் பக்கம் போய் அதை எடுத்துக்கொண்டான். கோல்.

“பார்த்தீங்களா? அந்தக் கைக்கு நான் எதுவும் கத்துத்தர வேண்டாம். ஆனா பதினஞ்சு வயசுக்கு ரொம்பச் சின்ன உருவம். பெரியவங்க ஆட்டத்துல தொண்ணூறு கிலோ ஆள் வந்து மோதுவான். இவன் வளருவானா மாட்டானான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் அப்பாவைப் பார்ப்பேன். அப்பா குட்டைன்னா பேரை அடிச்சுடுவேன். இருபது வருஷமா அப்படித்தான்.”

“இவங்கப்பா உயரமானவருங்க.”

“எவ்வளவு?”

“உங்களைவிட ஒரு சாண் கூடவே இருப்பாரு.”

போசிகர் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. பக்கத்தில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்த செரைனாவிடம் போனார்.

“கூர்டினோட அப்பாவைத் தெரியுமாம்மா? உயரமான ஆளா?”

செரைனா இடுக்கியைத் தூக்கிப் பிடித்தபடி யாஹனை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“அவரா? எங்க வீட்டு வாசல்ல தலையை இடிச்சுக்காம உள்ள வந்ததே கிடையாது. உங்களுக்குக் கடுகு சாஸ் வைக்கவா, வேண்டாமா?”

போசிகர் சாசேஜும் ரொட்டியுமாகத் திரும்பி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“சரி, அவர் எங்கே? இன்னைக்கு நான் வர்றேன்னு தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வரல? வேற மேட்ச்சுக்காவது வருவாரா?”

“அவர் இங்க நின்னு யாரும் பார்த்ததில்லீங்க.”

“அம்மா?”

“தவறிட்டாங்க. நாலு வருஷமாச்சு.”

போசிகர் கடிக்கப்போன சாசேஜைக் கீழே இறக்கினார்.

“தாயில்லாப் பிள்ளை. இப்படி ஒரு ஆட்டம் ஆடறான். பெத்தவனுக்கு வந்து ஒரு மூலையில நின்னு பார்க்க முடியல! என்ன மனுஷன்யா அவன்?”

யாஹன் பனித்தரையைப் பார்த்துக்கொண்டே, “என்னத்தைச் சொல்றது” என்றார்.

“இந்த மாதிரி அப்பன்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். பையன் பேரு பேப்பர்ல வரட்டும், அப்ப முதல் வரிசையில வந்து உட்காருவான். கூலிக்கு வண்டி ஓட்டற உங்களுக்கு இருக்கிற அக்கறைகூட அவனுக்கு இல்லையே!”

யாஹன் மட்டையை மறுபடியும் கை மாற்றிக்கொண்டார்.

போசிகர் அங்கேயே போனை எடுத்தார். “ஒரு இடம் வச்சிருங்க. ஆமா, குள்ளப் பையன்தான். வளருவான், நான் பொறுப்பு.”

போனை வைத்துவிட்டு, “ஆகஸ்ட்லருந்து எங்க ஹாஸ்டல்ல தங்கணும். அவன் அப்பா வந்து கையெழுத்துப் போடணுமே, வருவானா?” என்றார்.

“தபால்ல அனுப்புங்க. போட்டு அனுப்பிடுவாரு.”

“அதானே பார்த்தேன்.”

“ஆகஸ்ட்டுக்கப்புறம் வீடு வெறிச்சுனு ஆயிடும். அவருக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்.”

“அவனுக்கா? நல்லா இருக்கே!” என்று தலையில் அடித்துக்கொண்ட போசிகர், யாஹனின் கையைப் பிடித்து அழுத்திக் குலுக்கினார். பிறகு பையனிடம் சேதி சொல்ல உடை மாற்றும் அறைக்குள் போனார்.

கூர்டின் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் போசிகர் நின்றிருந்தார். யாஹன் பையை வாங்கி வண்டியில் வைத்தார். பையனும் ஏறிக்கொண்டான். ஊர் தாண்டும்வரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

“எங்கப்பா ரொம்ப உயரமாமே” என்றான் கூர்டின், கடைசியில். “மேட்ச் பக்கமே வர மாட்டாராமே. அந்த ஆள் சொல்லி வருத்தப்பட்டாரு.”

வளைவு வந்தது. யாஹன் நிதானமாகத் திருப்பினார்.

“போன வருஷம் இன்னொரு கிளப்காரர் வந்தாரே, உன் ஆட்டத்தைப் பார்த்துட்டு அவரும் குதிச்சாரு. அப்புறம், பையனோட அப்பா யாருன்னு கேட்டாரு. நான்தான்னு முன்னால போய் நின்னேன். அதோட போனவர்தான்.”

கூர்டின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். குரல் மட்டும் வந்தது.

“அப்ப இனிமே என் மேட்ச்சைப் பார்க்க நீ எப்படி வருவே, அப்பா?”

“வெளியூர் டீம் ரசிகருங்க நிக்கிற பக்கம் டிக்கெட் எடுத்துக்கறேன்டா. அங்க யாரும் என்னைத் தேட மாட்டாங்க. நீ கோல் போடறப்போ மட்டும் என்னால கை தட்ட முடியாது. கோவிச்சுக்காதே.”